அண்ணன் படத்துக் கண்கள்

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறக்கும் முன்பே, நாலு வயதில், காய்ச்சலில் செத்துப் போனான். எங்கள் வீட்டில் அவன் இடம் நடு அறைச் சுவர். மின்விசிறி சுவிட்சுக்கு மேலே ஒரு மரச்சட்டத்துக்குள், துணி போர்த்திய நாற்காலியில், கறுப்பு வெள்ளையில் உட்கார்ந்துகொண்டு, எதிரே வருகிறவரை நேராகப் பார்ப்பான். செத்தவர் படம் என்றால் எல்லா வீட்டிலும் மாலை போட்டு, பொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு பல்பை எரிய விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. அம்மா விடமாட்டாள். கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு மாலை எதற்கு என்பாள். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவனிடம் பேசுவாள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. பால்காரன் இன்னும் வரவில்லை, கரண்ட் போய்விட்டது, உன் தங்கச்சி இன்றைக்கும் சாப்பிடாமல் ஓடுகிறாள், இந்த மாதிரி. சின்ன வயதில் எனக்கு அவன்மேல் பொறாமைகூட உண்டு. உயிரோடு இருக்கிற என்னிடம் அம்மா அவ்வளவு பேசியதில்லை.

போன மழையில் அந்தச் சுவர் ஊறிவிட்டது. ஈரம் சட்டத்துக்குள் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கீழ் மூலையில் பழுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்தது. முதலில் அவன் பாதத்தை மூடியது. கார்த்திகையில் இடுப்புக்கு ஏறியது. மார்கழி பிறந்தபோது ஒரு பக்கமாகத் தோளைத் தாண்டி தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அம்மா தினமும் பல் துலக்கியதும் சுவரருகே போய், கண்ணாடிமேல் விரலை வைத்து அளந்து பார்ப்பாள். அவனுக்கு வேறு படம் கிடையாது. வேறு எந்த அடையாளமும் இந்த உலகத்தில் கிடையாது.

“கண்ணுக்குப் போறதுக்குள்ள இன்னாவாச்சும் பண்ணுடி. நீதான போட்டோ படிக்கிற,” என்றாள்.

போட்டோ படிக்கிறேன் என்பது உண்மைதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. தைக்கிற வேலை இல்லை, ஷூக்களைப் படம் எடுக்கிற வேலை. வெள்ளைத் தாள் விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் மாதிரி ஷூக்களை ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தோலில் இருக்கும் சுருக்கம், முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாவற்றையும் அழிப்பேன். அந்தத் தோலுக்குள் ஒரு மாடு வாழ்ந்தது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியக் கூடாது. வருடக்கணக்கில் இதையே செய்ததில் எனக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது. நான் செய்வது கலையா, கசாப்புக் கடையில் ரத்தம் கழுவுகிற வேலையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தபால் வழியில் கலை வரலாறு படிக்கச் சேர்ந்தேன். அதில் நான் எடுத்துக்கொண்டது புகைப்படத்தின் ஆரம்ப கால வரலாறு. கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டிய வயதெல்லாம் போன பிறகு இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். பேசியவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

புகைப்படம் பிறந்த புதிதில் அதைக் கலை என்று ஓவியர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. மெஷின் எடுக்கிறது, மருந்து கழுவுகிறது, இதில் மனிதன் செய்தது என்ன என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படம் எடுத்தவர்களைச் சுட்டது. நாங்களும் கலைஞர்கள்தான் என்று காட்டுவதற்காக அவர்கள் படாத பாடு பட்டார்கள். உருவத்தை வேண்டுமென்றே மங்கலாக்கினார்கள். கோந்தில் வண்ணம் குழைத்துத் தாளில் பூசி, வெயில் காட்டி, தூரிகையால் தேய்த்துத் தேய்த்து, கரிக்கட்டையில் வரைந்த படம் மாதிரி ஆக்கினார்கள். நெகட்டிவையே ஊசியால் கீறினார்கள். கன்னத்துக்குச் சிவப்பும் நகைக்குப் பொன் நிறமும் தீட்டினார்கள். பிற்பாடு இன்னொரு கட்சி கிளம்பி, படத்திலிருந்து கையை எடுங்கள், கேமரா கண்டதைக் கண்டபடி விடுங்கள், அதுதான் இதன் கலை என்றது. இந்தச் சண்டை வெகு காலம் நடந்திருக்கிறது.

நான் கை வைத்தவர்கள் கட்சி. வேறு என்னவாக இருக்க முடியும்? நாள் முழுக்கக் கை வைப்பதுதானே என் பிழைப்பு. பாடக் கட்டுரை ஒன்றுக்கு அண்ணன் படத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். எடுத்த ஸ்டுடியோக்காரர் அந்தக் கண்களில் தூரிகை வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கருவிழி கொஞ்சம் அதிகமாகவே கறுத்து, அதற்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கண்ணையும் புருவத்தையும் தீட்டிக் கொடுப்பது வழக்கம்தான். இந்தச் சாதாரணப் படத்தைக் கலையாக்குவது அந்தக் கண்கள் என்று எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

படித்ததை வீட்டில் சொல்ல வேறு ஆள் இல்லாததால் அம்மா அப்பாவிடம்தான் சொல்வேன். அந்தக் காலத்தில் ஒரு படம் பதிய வெகு நேரம் அசையாமல் இருக்க வேண்டும், குழந்தைகள் அசைந்துவிடும், அதனால் அம்மாவைத் தலையோடு துணி போட்டு மூடி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள் என்று ஒருநாள் போனில் படங்களைக் காட்டினேன். அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பெற்றவள் முகமும் விழுந்தால் படத்துக்கு என்ன கெட்டுப்போகும் என்று அவர்களைத் திட்டினாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கு என் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். உப்பு போட்டுக் காய்ந்து விறைத்து வருகிற பச்சைத் தோல்களைத் தொட்டியில் ஊறப்போட்டுப் பழைய பதத்துக்குக் கொண்டு வருவது அவர் வேலை. ஊறல் சரியில்லை என்றால் அப்புறம் எந்த மருந்து போட்டும் புண்ணியமில்லை என்பார். சுண்ணாம்பும் உப்பும் தின்ற கை. விரல் இடுக்குகளில் தோல் வெடித்து எப்போதும் சிவந்திருக்கும். வேலையை விட்டு வந்த பிறகும் அது ஆறவில்லை. எதையும் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. பூட்டு துருப்பிடித்தாலும் ஊறப்போடுவார், எனக்குக் காலில் முள் குத்தினாலும் காலை ஊறப்போடச் சொல்வார்.

படம் ஒட்டிக்கொண்ட விஷயத்திலும் அதைத்தான் சொன்னார். நான் கூடவே கூடாது என்றேன். சென்னையில் பழைய படங்களைச் சீர்செய்கிறவர்களிடம் கேட்டிருந்தேன். பிய்க்காதே, தண்ணீர் காட்டாதே, பொங்கல் கழித்து அப்படியே கொண்டு வா என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி விளக்குவதாக நினைத்துக்கொண்டு, படத்தின் மேல்பரப்பு வெறும் தாள் இல்லை, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை, அதில்தான் உருவம் இருக்கிறது, ஈரம் பட்டால் உப்பும் என்றேன். அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

“தோலுதானா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னால், வீட்டில் செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்போம். அம்மா வருடா வருடம் அண்ணனுக்கு நாலு வயது அளவில் ஒரு சட்டையும் டவுசரும் வாங்கிப் படத்துக்குக் கீழே வைப்பாள். மறுநாள் அது தெருவில் ஏதாவது ஒரு குழந்தைக்குப் போய்விடும். இந்த வருடம் படையலன்று அவன் முகம் பூஞ்சைக்குள் போயிருக்கும் என்று அவளுக்குப் பயம். சென்னைக்காரர்கள் பொங்கல் கழித்து வரச் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தப் படத்தின் கதை அம்மா சொல்லி எனக்கு மனப்பாடம். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாவுக்கும் டைபாய்டு. எழுந்து நடக்க முடியாது. அப்பாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இறங்கிய இடத்தில் ஒரு ஸ்டுடியோ இருந்ததாம். கண்ணாடிக்குள் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, எனக்கும் போட்டோ எடு என்று அவன் அடம் பிடித்தானாம். சரி என்று உள்ளே போய் உட்கார வைத்தாராம். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் போய்விட்டான். மூட்டையாகச் சுற்றிக்கொண்டு வந்த பிள்ளையைத்தான் அம்மா பார்த்தாள். சில வாரம் கழித்து அப்பா போய் இந்தப் படத்தை வாங்கி வந்தார்.

கடைசி நேரத்தில் கூட இல்லையே என்பது அவளுக்கு ஆறாத புண். அந்தப் புண்ணுக்கு அவள் தடவிய மருந்து இந்தப் படம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தன்னை நினைத்துக்கொண்டுதான் அவன் அப்படிப் பார்த்தான் என்று அவள் நம்பினாள். “எனக்குன்னு பாத்து வெச்சிட்டுப் போய்ட்டான்,” என்பாள். பூஞ்சை கண்ணுக்குப் போகக் கூடாது என்று அவள் பதறியதற்கு இதுதான் காரணம். மற்ற இடமெல்லாம் போனாலும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு வேலூரில் தபால் படிப்புக்கான நேர்முக வகுப்பு. அம்மா படையலுக்குத் துணி வாங்கத் திருப்பத்தூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது படத்தைப் பார்த்து, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பில் அன்றைக்குப் பாதி நாள் கரண்ட் இல்லை. படங்களைப் போட்டுக் காட்ட முடியாமல் ஆசிரியர் வாயால் வர்ணித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்து மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் சுவர்தான் முதலில் கண்ணில் பட்டது. சட்டம் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். பின்பக்கம் ஓடினேன். துணி துவைக்கும் கல்லருகே அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சோறு கொட்டி வைக்கும் பெரிய அன்னக்கூடையில் தண்ணீர். பக்கத்தில் கண்ணாடி சுத்தமாகத் துடைத்துச் சுவரில் சாய்த்திருந்தது. கவிழ்த்துப் போட்ட சில்வர் தட்டின்மேல் படம் ஈரமாகக் கிடந்தது.

என்னதான் சொன்னாலும், அவர் வேலை அவருக்குத் தெரியும். ஒரு கீறல் இல்லாமல் படம் கண்ணாடியை விட்டு வந்திருந்தது. பூஞ்சை மேலோடு போய், லேசான மஞ்சள் கறை மட்டும் மிச்சம். கழுத்தும் தாடையும் உதடும் நான் பார்த்தே இராத அளவுக்குத் தெளிவாக இருந்தன. சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பிறகுதான் கண்களைப் பார்த்தேன்.

கண்கள் இல்லை. தீட்டிய வண்ணம் தண்ணீரோடு போயிருந்தது. அது போகும் என்று எனக்குத் தெரியும், அதற்காகவும்தான் தண்ணீர் காட்டாதே என்று அத்தனை முறை சொன்னேன். ஆனால் அதற்கு அடியில், வெளிறியாவது, அவனுடைய கண் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அடியில் இருந்தவை மூடிய இமைகள். அழுந்த மூடிய, லேசாக வீங்கிய இமைகள். உதடு கொஞ்சம் பிரிந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறந்த குழந்தைகளைத் தூங்குவது போல வைத்து எடுத்த பழைய படங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், குறிப்பு எழுதியிருக்கிறேன். அது இன்னது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா தானாகவே சொன்னார், படத்தைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்டுடியோவுக்கெல்லாம் போகவில்லையாம். பிள்ளைக்கு அப்போதே நினைவில்லை. செத்த பிறகு, வண்டி வைத்துக் கொண்டுபோக வழியில்லாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போவது போலத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்திருக்கிறார். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை என்பது அங்கே வந்துதான் உறைத்திருக்கிறது. ஸ்டுடியோவுக்குள் போயிருக்கிறார். நாற்காலியில் வைத்தால் பிள்ளை சரிந்தது. ஸ்டுடியோக்காரர் அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தலையோடு ஒரு போர்வையைப் போட்டு மூடி, பிள்ளையை மடியில் வைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். போர்வையின் தலைப் பக்கத்தை அப்புறம் வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டிருக்கிறார்.

“அது நாற்காலி இல்லம்மா. நான்தான்,” என்றார் அப்பா.

குனிந்து பார்த்தேன். இதுவரை மடிப்பு விழுந்த துணி என்று நான் நினைத்திருந்த இடத்தில், இரண்டு அக்குளுக்கும் கீழே, துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்த விரல்களின் மேடு தெரிந்தது. போனில் அம்மாவுக்கு நான் காட்டிய படங்களைப் பார்க்காமல் அவர் ஏன் எழுந்து போனார் என்று அப்போது புரிந்தது. அவர் தோளைத் தொடலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் சும்மா நின்றேன்.

கண்ணைத் திறந்து கொடு, எங்கள் வீட்டில் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று ஸ்டுடியோக்காரரிடம் கேட்டது இவர்தானாம். எப்படித் திறந்தார் என்று இவருக்குத் தெரியாது. “மெஷின்ல பண்ணுவான்னு நெனச்சிக்கினு இருந்தேன். பெயிண்டு வெச்சிருப்பான்னு யாரு கண்டா?” என்றார். தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கண்ணிலிருந்து கறுப்பாக ஒரு நூல் மாதிரி கிளம்பியதாம். அழுக்கு போகிறது என்று விட்டுவிட்டாராம்.

மூஞ்சியைக் கையால் துடைத்துக்கொண்டு, என் போனில் பழைய படம் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருந்தது. கட்டுரைக்காக எடுத்தது, மங்கிய கண்ணாடி வழியாக, ஆனால் கண்கள் நன்றாகவே விழுந்திருந்தன. அதைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து சட்டத்தில் மாட்டிவிடு, அவள் வருவதற்குள் மாட்டிவிடு, இதை நான் எங்கேயாவது வைத்துவிடுகிறேன் என்றார். எதற்கும் யாரையும் கெஞ்சாத மனிதர். நாற்பது வருடப் பொய்யை இன்னும் கொஞ்ச காலத்துக்கு இழுக்க என்னைக் கூட்டுச் சேர்க்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆம்பூர் பஜாருக்குப் போனேன்.

பஜாரில் பொங்கல் கூட்டம். பிரிண்ட் கடையில் இரங்கல் பேனர் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் என் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப மங்கல் என்றார். ஏ.ஐ.யில் போட்டால் முகம் பளிச்சென்று வரும், கலர் வரும், வேண்டுமானால் கண் சிமிட்டிச் சிரிக்கிற மாதிரி வீடியோவாகவும் பண்ணலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் வாங்கிப் போகிறார்கள் என்றார். இருக்கிறபடியே போடுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை வைத்தவர்கள் கட்சியில் இருந்தவள் நான். அந்தக் கட்சியை விட்டு அந்தக் கடை வாசலிலேயே விலகிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. சித்தி மகன் வண்டியிலேயே கொண்டு வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அம்மா நடு அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு, துண்டின்மேல் ஈரம் காயாத படம். பக்கத்தில் துணிக்கடைப் பை பிரிக்காமல் இருந்தது. அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சொல்லிவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நாற்பது வருடம் காப்பாற்றியதைக் கால் மணி நேரம் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ படிச்சவ. நீ சொல்லு,” என்றாள். “இத புடிக்கும்போது இவனுக்கு உசுரு இருந்துச்சா, இல்லியா?”

அப்பா என்னைப் பார்த்தார். தூங்கும்போது எடுத்தது, காய்ச்சல் மயக்கத்தில் எடுத்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் என்னைக் கேட்டாளோ என்னவோ. ஆனால் அந்த முகத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன்.

அவள் தலையாட்டினாள். “அப்ப இத்தினி வருஷமா நான் யாராண்ட பேசிக்கினு இருந்தேன்?” என்றாள். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தியதும் நிறுத்திவிட்டார்.

அவளுக்கு அப்பாமேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். போர்வைக்குள் உட்கார்ந்திருந்ததையும் அவர் சொல்லியிருந்தார். அம்மா அந்த விரல் மேடுகளின்மேல் தன் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். “இவ்ளோ அழுத்தியா புடிப்ப புள்ளைய? வலிச்சிருக்காது?” என்றாள் அப்பாவிடம். நான் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கையில் பிரிண்ட் இருந்த உறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒளித்து வைப்பதும் ஒரு பொய்தான். எடுத்து அவளிடம் கொடுத்தேன். பழைய படம் போனில் இருந்தது, அதே கண்ணோடு பிரிண்ட் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் இதையே மாட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் தாளை வாங்கி, மடியில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். வெளியே பக்கத்து வீட்டில் பொங்கலுக்குச் சுவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாடை வந்தது.

“இது அவன் கண்ணு இல்ல. எவனோ வரஞ்சது,” என்றாள், தாளைக் காட்டி. தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அவனுது எப்பிடி இருக்கும்னு வந்ததுலேர்ந்து நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். வரவே மாட்டேங்குது. கண்ண மூடினா அந்த ஸ்டுடியோக்காரன் வரஞ்சதுதான் வருது. நாலு வருஷம் எம்மூஞ்சியையே பாத்துக்கினு இருந்த புள்ள, அவன் கண்ணு எனக்கு ஞாபகமில்ல.”

அண்ணனை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததும் அந்த வரைந்த கண்கள்தான்.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லுய்யா. கடைசியா பாத்தவன் நீதான். எப்பிடி இருந்துச்சி அவன் கண்ணு? பெருசா, சின்னதா? கறுப்பா, பழுப்பா?”

அப்பா சொல்லத்தான் போனார். உதடு அசைந்தது. பிறகு அவர் கண்கள் மெதுவாக இறங்கி, என் கையிலிருந்த தாளைப் பார்த்தன.